மா பேக்கர் பாண் சுடுகிறவள் அல்ல

"பதின்ம வயதில் நீங்கள் பைத்தியமாகக் கேட்ட பொப் குழு எது? அதன் முன்னால் நின்று ஆடியவர் இசைத்தட்டில் பாடவே இல்லை என்று பிறகு தெரிந்தபோது ஏமாந்துவிட்டதாகத் தோன்றவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தாலே குழுவின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று விளங்குகிறது. பொனி எம்தான். வேறு யார்?

ஏமாற்றம் பற்றிய பதில் 'இல்லை' என்பது. ஆனால் அந்த 'இல்லை' வந்த வழி கொஞ்சம் நீளம், கொழும்பைச் சுற்றித்தான் வரவேண்டும். பொறுமை இருந்தால் வாசியுங்கள்.

நான் 1963ஆம் ஆண்டுக்காரன். வளர்ந்தது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஒன்றரை வருடம் ஒரு ரெக்கோடிங் பாரில், அதாவது கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில், வேலை செய்தேன். அதனால் பாட்டைப் பற்றி நான் சொல்வதில் பாதி பாட்டைப் பற்றியதாகவும் மீதி கசெற் ரேப்பைப் பற்றியதாகவும் இருக்கும். மன்னியுங்கள்.

முதலில் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1979 சித்திரை வரை இந்த நாட்டில் தொலைக்காட்சி கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி ஐ.ரி.என். தொடங்கியபோதும் கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டிப் படம் போகவில்லை. ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரியில். ஆகவே, 'டடி கூல்' பாட்டு வெளிவந்த 1976இல் பொனி எம் என்பது எங்களுக்கு ஒரு சத்தம் மட்டுந்தான். அவர்கள் எத்தனை பேர், ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா என்று எதுவும் தெரியாது. ஒரு தடித்த ஆண்குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வரும், அதற்குப் பதில் சொல்வதைப் போலப் பெண்குரல்கள் வரும், அடியில் விடாமல் 'டும் டும் டும் டும்' என்று அடி விழுந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் நாங்கள் அறிந்த பொனி எம்.

அந்தச் சத்தமும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கில சேவை புண்ணியத்தில்தான் கிடைத்தது. இசைத்தட்டு வாங்க வழியில்லை. எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பாணுக்கே விடியற்காலையில் வரிசையில் நின்ற நாட்டில் ஜெர்மனியில் இருந்து இசைத்தட்டு இறக்குவதாவது! 1977 ஆடித் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் இறக்குமதியைத் திறந்துவிட்டார். அதன் பிறகு கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டை புறக்கோட்டையாக இல்லை. ஜப்பான் ரேடியோ, சிங்கப்பூர் சட்டை, ரேப் ரெக்கோடர் என்று கண்ணைப் பறிக்கிற சாமான்கள். அந்தத் திறந்த பொருளாதாரத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் பதினைந்து வயதில் ஒன்றுகூட இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு ரேப் ரெக்கோடர் வந்தது 1978 கடைசியில். சித்தப்பா வளைகுடாவில் இருந்து கொண்டுவந்தார். ஒற்றை ஸ்பீக்கர், முன்பக்கத்தில் பியானோக் கட்டைகளைப் போல ஆறு பொத்தான், மூலையில் மிளகளவு ஓட்டைக்குள் மைக். ரேடியோவில் போகிற பாட்டைப் பதிய வேண்டுமென்றால் ரேடியோவையும் ரெக்கோடரையும் மேசையில் முகத்துக்கு முகம் வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் அது நடக்கிற காரியமா? கடலோரமாக ரயில் போகும். காகம் கத்தும். கீரைக்காரி படலையில் நின்று கூப்பிடுவாள். என் ஆரம்பகால பொனி எம் பாட்டுகள் எல்லாவற்றிலும் ரயில் வாசித்திருக்கிறது.

ஆங்கிலப் பாட்டு அந்தக் காலத்தில் கொழும்பில் எல்லோருக்கும் உரியதல்ல. ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியரின் வீடுகளுக்கும், கறுவாத்தோட்டத்துப் பணக்கார ஆக்களுக்கும், பழைய மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பங்களுக்கும் உரியது. நாங்கள் தாய்மொழியில் படித்த தலைமுறை. தமிழ் மொழிமூலப் பெடியன்களுக்கு ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவே. சிங்களப் பெடியன்கள் ஆங்கிலத்தை 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். யாரிடம் இருக்கிறதோ அவன் மற்றவனை வெட்டுவான். சரியான பெயர். என் வகுப்பில் பீற்றில்ஸ் கேட்கிறேன் என்று சொன்னவன் ஒருவன் இருந்தான், அவனுக்கு முன்னால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். வாயைத் திறந்தால் உச்சரிப்பைத் திருத்துவான்.

பொனி எம் விஷயத்தில் அந்த வாள் மழுங்கிப்போனது. காரணம் எளிது. அந்தப் பாட்டுகளை உண்டாக்கியவர்களுக்கே ஆங்கிலம் தாய்மொழி அல்ல. உண்டாக்கியவர் ஃபிராங்க் ஃபாரியான் என்ற ஜெர்மன்காரர், சமையற்காரராகப் பயின்றவர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஐரோப்பியர்கள் ஆடுவதற்காக எழுதப்பட்ட பாட்டு. சின்னச் சின்னச் சொல், ஒரே சொல் திரும்பத் திரும்ப, நடுவில் 'லா லா', 'ஹே ஹே'. ஹம்பேர்க்கில் இருக்கிறவனுக்கு விளங்கினால் வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கையில் இருக்கிறவனுக்கும் விளங்கும்தானே. இசை விமர்சகர்கள் இதைத்தான் குறையாகச் சொன்னார்கள், மலிவான பாட்டு என்று. மலிவுதான். அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது.

விளங்கும் என்றேனே, விளங்கிய இலட்சணத்தையும் சொல்கிறேன். 1977இல் 'மா பேக்கர்' வந்தது. தமிழ்க் காதுக்கு மா என்றால் மா, பேக்கர் என்றால் பேக்கரிக்காரர். பாண் வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? மா பிசைகிற ஒரு பேக்கரி அம்மாவைப் பற்றிய பாட்டு என்றே ஒரு வருடம் முழுக்க நம்பினோம். பாட்டுக்கு நடுவே ஒரு பெண் மிரட்டுகிற தொனியில் பேசுவாள். அது பாண் முடிந்துவிட்டது, வரிசையைக் கலையுங்கள் என்று சொல்கிற கட்டம் என்று என் தம்பி விளக்கம் சொன்னான். உண்மையில் அது அமெரிக்காவில் 1930களில் பேர்போன கொள்ளைக்காரப் பிள்ளைகளைப் பெற்ற கேற் பார்க்கர் என்ற தாயைப் பற்றியது. அவளை 'மா பார்க்கர்' என்பார்கள். பாட்டில் 'பேக்கர்' என்றால் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். ஆக, பேக்கரியை உள்ளே விட்ட குற்றம் எங்களுடையது மட்டுமல்ல. மெட்டோ துனீசியாவின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றில் இருந்து எடுத்தது. துனீசிய மெட்டு, அமெரிக்கக் கொள்ளைக்காரி, ஜெர்மன் தயாரிப்பாளர், கரீபியன் குரல்கள், வெள்ளவத்தையில் பாண். இதைவிடப் பெரிய உலக இசையை நான் கேட்டதில்லை.

'ரஸ்புடின்' கதை அம்மம்மாவுடையது. ரஷ்ய மன்னர் குடும்பத்தோடு ஒட்டியிருந்த ரஸ்புடின் என்ற சாமியாரைப் பற்றிய பொனி எம் பாட்டு அது, 'ரா ரா ரஸ்புடின்' என்று வரும். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் முறையாகச் சங்கீதம் படித்தவர். தியாகராஜர் கீர்த்தனைகள் பாடமாகத் தெரியும். தெலுங்கு தெரியாது, ஆனால் 'ராரா' என்றால் 'வாராய்' என்று தெய்வத்தைக் கூப்பிடுவது என்று தெரியும். பாட்டில் 'ரா ரா' என்று வந்ததும், "யாரையடா இவங்கள் ராரா எண்டு கூப்பிடுறாங்கள்?" என்று கேட்டார். இந்தக் கதையை நாற்பது வருடமாக எல்லாக் கலியாணவீட்டிலும் சொல்லிவருகிறேன். முடிவில், நான் அம்மம்மாவுக்கு ரஷ்ய மன்னர் குடும்பத்தின் கதையைப் பொறுமையாகச் சொல்லி விளங்கப்படுத்தியதாகவும் அவர் சிரித்ததாகவும் சேர்த்துச் சொல்வேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, முகம் எப்போது தெரிந்தது? 1980இல், பபா மாமா மூலம். அம்மாவின் கடைசித் தம்பி. அந்தக் காலத்தில் ஜெர்மனிக்குப் போக ஒரு வழி இருந்தது. சோவியத் விமானத்தில் மொஸ்கோ போய், அங்கிருந்து கிழக்கு பேர்லின் இறங்கி, அங்கே நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்கிவிட வேண்டும். சுவர் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான், எங்கள் பெடியன்களைக் கிழக்கு ஜெர்மன்காரர் தடுக்கவில்லை. மாமா அப்படிப் போனவர். அவர் அனுப்பிய முதல் கடிதத்தோடு 'பிராவோ' என்ற ஜெர்மன் இளைஞர் சஞ்சிகையில் இருந்து கிழித்த இரண்டு பக்கம் வந்தது. நாலாக மடித்திருந்ததால் நடுவில் ஒரு வெள்ளைச் சிலுவை. அந்தச் சிலுவைக்கு நாலு மூலையிலும் நாலு பேர்.

மூன்று பெண்கள், ஒரு ஆண். வெள்ளிச் சரிகை, கழுத்து வரை மணி, காலைப் பார்த்தால் முழங்கால் வரை சப்பாத்து. லிஸ் மிச்செலும் மார்சியா பாரெற்றும் ஜமேக்காவில் பிறந்தவர்கள், மெய்சி வில்லியம்ஸ் மொன்செராற் தீவு, பொபி ஃபரெல் அரூபா. அந்த ஆள் சட்டை போடவில்லை. எங்கள் நிறம், எங்களைவிடக் கறுப்பு, தலைமயிர் ஒரு முழம் சுற்றளவு. உலகம் முழுக்கக் கேட்கிற ஆக்கள் கறுப்பாக இருக்கலாம் என்ற செய்தி வெள்ளவத்தையில் ஒரு பெடியனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒரு சேட் வாங்கிக் குடுக்க ஆக்கள் இல்லையோ" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றே, அந்தக் கிணற்றுக் குரல் இந்த ஆளுடையது என்று முடிவு செய்துவிட்டோம். உங்கள் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

அந்தக் குரல் ஃபாரியானுடையது. 1975இல் அவர் ஒரு பாட்டை ஸ்ரூடியோவில் தான் ஒருவராகவே பாடிப் பதிந்து வெளியிட்டார். பெயர் வேண்டுமே என்று, தொலைக்காட்சியில் பார்த்த அவுஸ்திரேலியத் துப்பறியும் தொடர் ஒன்றின் நாயகன் பெயரான 'பொனி'யை எடுத்து, பின்னால் ஒரு 'எம்' சேர்த்தார். அது நெதர்லாந்தில் ஓடத் தொடங்கியதும், தொலைக்காட்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். வெள்ளைக்கார மனிதர், முப்பது வயது தாண்டியவர், மேடையில் போய் நின்று அந்தப் பாட்டைப் பாடினால் எடுபடாது என்று அவருக்கே தெரிந்தது. அதற்காகத்தான் ஆள் தேடினார். பொபி இளவயதில் ஊரைவிட்டுக் கப்பலேறியவர், பிறகு டி.ஜே., ஆட்டக்காரர். ஆட்டத்துக்காக எடுத்தார்கள். இசைத்தட்டில் ஆண்குரல் எல்லாம் ஃபாரியான், பெண்குரல்கள் லிஸ்சும் மார்சியாவும். மெய்சியின் குரலும் இசைத்தட்டில் இல்லை. மேடையில் நால்வரும் பாடினார்கள், ஆனால் நாங்கள் கேட்டது மேடையை அல்ல.

இதை நான் முதலில் கேள்விப்பட்டது ரெக்கோடிங் பாரில். எங்கள் முதலாளி சிங்கப்பூரில் இருந்து வந்த எல்.பி. ஒன்றின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பெடியன் சும்மா வாய் அசைக்கிறானாம்" என்றார். நான் ஆத்திரப்பட்டேனா? இல்லை. "அப்ப யார் பின்னணி?" என்று கேட்டேன்.

இதில்தான் எங்கள் ஆக்களுக்கும் மேற்கத்தைய ரசிகர்களுக்கும் வித்தியாசம். வாயசைப்பு அவர்களுக்கு மோசடி. எங்களுக்கு அது சினிமா. எம்.ஜி.ஆருக்கும் டி.எம். சௌந்தரராஜன், சிவாஜிக்கும் அதே டி.எம். சௌந்தரராஜன். சவோயில் ஆங்கிலப் படம் பார்த்த கையோடு மற்றத் தியேட்டரில் போய்த் தமிழ்ப் படம் பார்ப்போம், யாராவது எழுந்து நின்று 'சிவாஜி பாடவில்லை, காசைத் திருப்பித் தா' என்று கேட்டதுண்டா? ஒரு உடம்பும் ஒரு குரலும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு ஆளை உண்டாக்கும், அந்த மூன்றாவது ஆளுக்குத்தான் நாங்கள் விசில் அடித்தோம். பொபியின் இடுப்பும் ஃபாரியானின் தொண்டையும் சேர்ந்த ஆள்தான் பொனி எம். அந்த ஆளை இரண்டாகப் பிய்த்துப் பார்த்து அழுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஆனால் ஒரு கோபம் எனக்கு உண்டு, அது வேறு கோபம். எங்கள் படத்தில் பெயர் போடும்போது 'பின்னணி' என்று போட்டுப் பாடியவர் பெயரைப் போடுவார்கள். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையில் பாட்டு ஒலிக்கும் முன்னால் படம், பாடியவர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அந்த ஒழுங்கு எங்கள் காதில் ஊறியது. பொனி எம் உறையில் நாலு முகமும் பெரிதாக இருக்கும், யார் பாடியது என்று பார்க்கிறவனுக்கு விளங்காது. பாடாதவர் நின்றதை விட, பாடிய லிஸ் பாடாதவர்களோடு ஒன்றாய்க் கலந்துபோனது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. 'ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்' கேளுங்கள், அந்தக் குரலை. ஒரே பெண் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை பாடி அடுக்கினால்தான் அந்தக் கனம் வரும். ஃபாரியான் அதே வித்தையை எண்பதுகளின் கடைசியில் மில்லி வனில்லி என்ற இருவர் குழுவை வைத்துச் செய்தபோது அமெரிக்காவில் அகப்பட்டுக்கொண்டார். 1990இல் அந்த இருவரிடம் இருந்து கிரமி விருதைத் திருப்பி வாங்கினார்கள். அவமானம் முழுக்க வாயசைத்த பெடியன்கள் தலையில், தயாரிப்பாளருக்குப் பெரிய சேதம் இல்லை. வழக்கம்போல.

ரெக்கோடிங் பார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் வெற்றுக் கசெற் ஒன்றும் பாட்டுப் பட்டியல் ஒன்றும் தருவார். நாங்கள் எல்.பி.யில் இருந்தோ தாய்க் கசெற்றில் இருந்தோ பதிந்து கொடுப்போம். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிப் போவார். காப்புரிமை என்ற சொல்லை நான் கேள்விப்பட்டது முப்பது வயதுக்குப் பிறகு. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடுகிற சி-90 கசெற்றில் பட்டியலைப் பொருத்துவது ஒரு கலை. நிமிடக் கணக்குப் பார்த்து அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பாட்டு பாதியில் கழுத்தறுபடும். மிச்சம் இரண்டரை நிமிடம் இருந்தால் அதில் எங்கள் ஊர் ஆட்டப்பாட்டான பைலா ஒன்றைச் செருகிவிடுவோம், கேட்காமலே. யாரும் குறை சொன்னதில்லை.

சி-90இல் வேறொரு சனியன் இருந்தது. ஏறத்தாழ 130 மீற்றர் ரேப்பை அதே சின்னப் பெட்டிக்குள் அடக்க வேண்டியிருந்ததால் ரேப்பை மெல்லியதாகச் செய்தார்கள். கொழும்புப் புழுக்கத்தில் அது ரப்பர் உருளையில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். பாட்டு திடீரென்று தண்ணீருக்குள் மூழ்கினது போல ஒலித்தால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும். மூடியை மெதுவாகத் திறந்து, வெளியே குடலைப் போலத் தொங்குகிறதை அறுக்காமல் எடுக்க வேண்டும். கசங்கின இடத்தைக் கண்ணாடி மேல் வைத்து விரல்நகத்தால் நீவுவேன். அறுந்திருந்தால் இரண்டு முனையையும் பிளேட்டால் சரிவாக வெட்டி, பளபளப்பான முதுகுப் பக்கம் செலோரேப்பில் நகத்துண்டு அளவு ஒட்டி, ஓரத்தில் மிச்சம் தெரியாமல் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் பசை போய் ஹெட்டில் ஒட்டும். பிறகு ஆறு பட்டைப் பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றுவது. ஆறு பல், ஆறு பட்டை, அளந்து செய்தது போலப் பொருந்தும். என் சொந்தக் கசெற்றில் 'சன்னி' பாட்டில் இப்படி ஒரு ஒட்டு இருந்தது. அந்த இடத்தில் ஒரு வினாடி இருக்காது, பாட்டு ஒரு கல்லைத் தாண்டுவது போலத் தாண்டும். இன்றைக்கும் கைபேசியில் அந்தப் பாட்டைச் சுத்தமாகக் கேட்கும்போது, அந்த இடம் வந்ததும் என் தலை தானாக ஒரு வெட்டு வெட்டும்.

'ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1978இல் வந்தது. பிரித்தானியாவில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது. அது பொனி எம்மின் சொந்தப் பாட்டல்ல. 1970இல் ஜமேக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடியது, ரஸ்தஃபாரி மார்க்கத்தவரின் பாட்டு. அவர்கள் தங்கள் மார்க்கச் சொற்களை வைத்துப் பாடிய இடங்களை பொனி எம்முக்காக மாற்றி மறுபடி பைபிள் சொற்களாக்கினார்கள். அதற்கும் மூலம் பைபிளின் சங்கீதம் 137. நாங்கள் சைவர்கள், எங்களுக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டு மெதடிஸ்த ரீச்சர்தான் ஒருநாள் மதிலுக்கு மேலால் தமிழ்ப் பைபிளை நீட்டி, "நீ ஆடுற பாட்டு இதுதான் தம்பி" என்று காட்டினார். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுதவர்களின் பாட்டு. சிறைபிடித்துக் கொண்டுபோனவர்கள் ஒரு பாட்டுப் பாடிக்காட்டு என்று கேட்க, அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று அழுகிறார்கள். அதே சங்கீதத்தின் கடைசி வசனம் பழிவாங்கச் சொல்கிற பயங்கரமான வசனம், அதைப் பாட்டில் விட்டுவிட்டார்கள். நல்ல காலம், அதற்கெல்லாம் ஆட முடியாது.

1983 ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் வீடு எரிந்தது. கசெற்றுகள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன, ரேப் ரெக்கோடர், 'பிராவோ' பக்கங்கள், எல்லாம் போயின. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறை போனோம். அந்தக் கப்பல் தட்டில் நின்றபோதுதான் சங்கீதம் 137 எனக்கு விளங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. முகாமில் எனக்கு ஞாபகம் இருப்பது கக்கூஸ் வரிசையும், யாரோ தந்த அளவில்லாத காற்சட்டையுந்தான். கப்பலில் வாந்தி எடுத்தேன். பாட்டு எதுவும் தலையில் ஓடவில்லை.

அந்தப் பாட்டு எங்கள் ஆக்களோடு சேர்ந்தது வேறு இடத்தில். மாமாவின் கலியாணம் 1986இல் பேர்லினில் நடந்தது. அதன் வீடியோ கசெற் பிறகு எங்களிடம் வந்தது. வாடகை மண்டபம், பட்டு வேட்டி, பின்னேரத்தில் தாலி எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு டிஸ்கோ. முப்பது நாற்பது அகதிப் பெடியன்கள், முக்கால்வாசிப் பேரிடம் வதிவிட உரிமை இல்லை, கைகோத்து வட்டமாக நின்று அந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். ஒருவனுக்கும் அது என்ன பாட்டு என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் அவ்வளவு சந்தோஷம். அடுத்த பாட்டு எங்கள் ஊர்ப் பொப்பிசை, ஏ.ஈ. மனோகரன். அதற்கும் அதே ஆட்டம்தான்.

நான் 1990களில் மறுபடி கொழும்புக்கு வந்துவிட்டேன். மார்கழி பிறந்தால் இங்கே பொனி எம் இல்லாமல் ஒரு கடையும் திறக்காது. அவர்களுடைய நத்தார்ப் பாட்டுகள் 1981இல் ஒரு தட்டாக வந்தன, அன்று தொடங்கியது இன்றுவரை ஓயவில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் போனால் ஒரு கடையில் தொடங்கின பாட்டு அடுத்த தரிப்பிடத்துக் கடையில் முடியும். கொஞ்சம் அலுப்புத்தான், மறைப்பானேன்.

2010 டிசம்பர் 30இல் பொபி இறந்தார். முதல்நாள் இரவு மேடையில் ஆடிவிட்டு வந்து ஹோட்டல் அறையில் படுத்தவர் எழும்பவில்லை. ஊர் சென் பீற்றர்ஸ்பேர்க். 1916இல் ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊரில், அதே டிசம்பர் 30ஆம் திகதி. எந்தப் பாட்டுக்கு உடம்பைக் கொடுத்து உலகமெங்கும் ஆடினாரோ, அந்த ஆளின் ஊரிலேயே, அந்த ஆளின் நாளிலேயே. 1978இல் அவர்கள் மொஸ்கோவுக்குப் போனபோது அந்த ஒரு பாட்டை மட்டும் மேடையில் பாடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சோதிடம் பார்க்கிற ஆக்களிடம் இதை விட்டுவிடுகிறேன். ஃபாரியான் 2024 தையில் போனார். லிஸ் இன்னும் பாடுகிறார்.

கடைசியாக ஒன்று. எல்லாக் கசெற்றும் எரிந்தது என்றேன், ஒன்று தப்பியது. என் வகுப்புப் பறங்கி நண்பன் ஒருவன் 1983 ஆனி மாதம் இரவல் வாங்கிப்போனான். கலவரத்துக்குப் பிறகு அவர்கள் குடும்பத்தோடு மெல்பேர்ண் போய்விட்டார்கள். இத்தனை வருடத்தில் ஐம்பது தடவையாவது திருப்பிக் கேட்டிருக்கிறேன், தரமாட்டான். எரிந்திருக்கவேண்டிய சாமானைக் காப்பாற்றியவனுக்குத்தான் அது சொந்தம் என்பது அவனுடைய சட்டம். போன வருடம் பழைய டெக் ஒன்று வாங்கித் துடைத்து ஓடவிட்டிருக்கிறான். இரவில் அழைப்பு எடுத்து, கைபேசியை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பேசாமல் கேள் என்றான்.

1979இல் எங்கள் மேசையில் வைத்துப் பதிந்த 'ரஸ்புடின்'. அவனுடைய டெக் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, எல்லாக் குரலும் அரைச்சுருதி ஏறிக் கிடக்கிறது. காகம், பாத்திரச் சத்தம், பிறகு அந்த 'ரா ரா'. உடனே அம்மம்மா. "யாரையடா இவங்கள்..." என்று அதே சொல், நான் கலியாணவீடுகளில் சொல்கிற அதே சொல், சிரிப்பை அடக்கினது போன்ற குரல். நான் விளங்கப்படுத்தப் போகிறேன் என்று காத்திருந்தேன்.

"சும்மா இரணை அம்மம்மா! ரெக்கோட் ஆகுதெல்லே!"

கீச்சுக் குரலில் ஒரு பெடியன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான். அதற்குப் பிறகு அம்மம்மாவின் குரல் இல்லை. காப்புச் சத்தம் மட்டும் குசினிப் பக்கம் போகிறது. பிறகு ரயில் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

"மற்றப் பக்கமும் போடவா மச்சான்?" என்று நண்பன் கேட்டான். முதலில் இதையே இன்னொருக்கால் போடச் சொன்னேன்.